மேற்பல் அன்று, கீழ்ப்பல்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாலூட்டிகளின் பல்லமைப்பு, ஆண்டுதோறும் நான் விரும்பி நடத்திய பாடம். முயலின் பற்சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பில் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும். எங்கள் தெருவில் எவர் வீட்டுத் திருமணப் பத்திரிகையும் என் பார்வைக்கு வந்த பிறகே அச்சகத்துக்குப் போகும். நான் ஒன்றைச் சொன்னால் அதை வேறொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் வழக்கம் இங்கே எவருக்கும் இருந்ததில்லை. என் பேத்திக்குப் பல் முளைக்கத் தாமதமானபோதுதான் அந்த வழக்கம் தொடங்கிற்று.

வங்கியில் பணிபுரியும் என் மகள், கணவர் வெளியூரில் வேலையாக இருந்தபடியால், குழந்தையுடன் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். முதல் பிறந்தநாள் கடந்துவிட்டது. குழந்தை நடந்தது, கையில் அகப்பட்டதையெல்லாம் வீசியது, தெருவில் போகிற ஆட்டோவுக்கெல்லாம் கையசைத்தது. ஈறு மட்டும் கழுவிய பளிங்குபோல் வழவழவென்று இருந்தது. குழந்தை மருத்துவர் பரிசோதித்து, வளர்ச்சியில் குறையில்லை, சில குழந்தைகளுக்குத் தாமதமாவது இயல்பே, ஒன்றரை வயது வரை பொறுக்கலாம் என்றார். நானும் அதையே சொல்லியிருந்தேன். ஆயினும் என் மகள் சமாதானமடையவில்லை.

“மாசமா இருக்கையில கால்சியம் மாத்திரைய நான் ஒழுங்கா முழுங்கலப்பா. அதான் இப்புடி.”

“அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே.”

“அவரு சொல்லுவாரு. பாக்குற சனமெல்லாம் பிள்ளை வாயத் தெறந்து பாத்துட்டு, அப்புறம் என் மூஞ்சியப் பாக்குது.”

கன்னிவாடியில் நடந்த நெருங்கிய உறவினர் திருமணத்துக்கு அவள் இதனாலேயே வரவில்லை. பிறந்தநாள் படங்களில்கூடக் குழந்தை வாய் மூடியிருந்த ஒன்றைத்தான் தேடியெடுத்து உறவினர்களுக்கு அனுப்பினாள். அண்டை வீட்டுக்காரரோ என்னைக் கண்டபோதெல்லாம் மதில்மேல் கைவைத்துக்கொண்டு, “என்ன சார், ஊருக்கெல்லாம் பல்லுப் பாடம் எடுத்தீக, உங்க வீட்டுலயே பொக்கை வாயா?” என்பார். நான் உள்ளே வந்துவிடுவேன். என் பெயரை நான் காத்துக்கொள்வேன். சிரிப்பதையே விட்டுவிட்ட மகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒட்டன்சத்திரத்திலிருந்து சம்பந்தியம்மாள் வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யா. கோயம்புத்தூரில் வேலைபார்க்கும் என் மகனும் அன்று வீட்டில் இருந்தான். சம்பந்தியம்மாள் நன்கு கனிந்த பழமொன்றை விரலால் மசித்துக் குழந்தைக்கு ஊட்டினார். மூன்றாவது வாய்க்குக் குழந்தை சிரித்தது. அவர் எழுப்பிய குரலில் சமையலறையிலிருந்த என் மனைவி கரண்டியுடன் ஓடிவந்தாள்.

“ஏனுங்க சம்பந்தி! பல்லு வந்துருச்சுங்க! வெள்ளையா எட்டிப் பாக்குதுங்க!”

என் மகள் பாய்ந்து வந்தாள். அதற்குள் சம்பந்தியம்மாளின் முகம் மாறிவிட்டது.

“அய்யோ, மேல்பல்லுங்க. மொதல்ல மேல்பல்லு வந்தா மாமனுக்கு ஆகாதுங்களே!”

மாமன் என்பவன் என் மகன். கொறித்துக்கொண்டிருந்த முறுக்கை அவன் கீழே வைத்தான். மகளின் முகத்தில் வந்த மகிழ்ச்சி பாதியில் நின்றது. பல் வரவில்லை என்ற கவலை போய், தம்பிக்கு ஆகாது என்ற கவலை வந்தது. நான் பல்லைப் பார்க்க முயன்றேன். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. அந்த வாயைத் திறக்கும் அதிகாரம் துறைத் தலைவருக்கும் இல்லை.

இதற்குப் பரிகாரம் உண்டென்றும், தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் தெரியும் குழந்தையின் முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட்டால் போதுமென்றும் சம்பந்தியம்மாள் சொன்னார். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வீடு தேடி வந்த சம்பந்தியை மறுத்துப் பேசுவது எங்கள் குடும்ப வழக்கமும் அன்று. தட்டு வந்தது. எண்ணெய் ஊற்றப்பட்டது. என் மகன் மண்டியிட்டுக் குனிந்தான்.

“நல்லாப் பாருங்க தம்பி.”

“பாக்குறேன் அத்தை. என் மீசைதான் தெரியுது.”

“இன்னுங் கொஞ்சம் குனியுங்க!”

அவன் குனிந்தான். குழந்தை இரு கைகளையும் ஓங்கித் தட்டில் அறைந்தது. என் மகனின் மீசையிலிருந்து எண்ணெய் சொட்டியது. சம்பந்தியம்மாளின் புதுப்புடவை, என் வெள்ளை வேட்டி, எதுவும் தப்பவில்லை. குழந்தை தன் முகத்திலும் பூசிக்கொண்டு கெக்கலித்தது. மகள் துண்டால் அதன் வாயைத் துடைத்தாள். துடைத்த துண்டை உற்றுப் பார்த்தாள்.

“அத்தை, உங்க பல்லு இந்தா இருக்கு.”

துண்டில் ஒரு கொய்யா விதை இருந்தது.

“ஏக்கா, இதுக்கா என்னைய எண்ணெயில முக்குனீக?” என்றான் மகன். முதலில் சிரித்தவர் சம்பந்தியம்மாள்தான். பிறகு என் மகள் சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண்போல் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். ஆனால் சிரித்து ஓய்ந்ததும் அவள் மெல்லச் சொன்னாள்: “அப்ப இன்னும் வரலை.”

அந்த மூன்று சொற்களை என்னால் தாங்க இயலவில்லை. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தேன். குழந்தைகளுக்கு எந்தப் பல் முதலில் முளைக்கும், எங்கே தேட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் மேல் ஈற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழ் ஈற்றின் நடுவே விரலை ஓட்டினேன். அரிசிக் குருணை போல் ஏதோ உரசிற்று. மறுகணம் குழந்தை கடித்தது.

“கீழ்ப்பல்!” என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. “இதுவும் விதையா இருக்கும்ப்பா,” என்றான் மகன். நான் எவர்சில்வர் ஸ்பூனைக் கொண்டுவரச் சொல்லி ஈற்றில் மெல்லத் தட்டிக் காட்டினேன். டிக் என்றது. ஸ்பூனை மகள் வாங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். “டிக்குன்னுதுப்பா! டிக்குன்னுது!” என்று என் எண்ணெய்த் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மதில்மேல் எட்டிப் பார்த்த அண்டை வீட்டுக்காரரையும் நானே உள்ளே அழைத்து, ஸ்பூனைக் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, “சார் சொன்னா சரிதான்,” என்றார்.

அன்று மாலையே பல்லுக் கொழுக்கட்டை. சம்பந்தியம்மாள் அரிசிமாவைப் பல் அளவுக்குக் கிள்ளி உருட்டி, தேங்காய்க் கீற்றும் சேர்த்து வேகவைத்தார். குழந்தையை மணையில் உட்காரவைத்து, ஆறிய கொழுக்கட்டைகளைத் தலைவழியே உதிர்த்தோம். எண்ணெய்த் தலையில் அவை ஒட்டிக்கொண்டன. என் மகள் குழந்தை வாயை அகலத் திறந்து சிரிக்கும் படத்தை எடுத்து, அன்றைக்கே உறவினர் அனைவருக்கும் அனுப்பினாள்.

என் பேத்திக்கு முதலில் மேற்பல் முளைத்ததாகவும், எண்ணெயில் முகம் பார்த்ததும் அது உள்ளே போய்க் கீழ்ப்பல்லாக வந்ததாகவும் ஒட்டன்சத்திரம் பக்கம் இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு. முதல் பல் கீழ்ப்பல். அதைக் கண்டறிந்தவன் நான்.