பிரேக் இல்லாத வண்டி

பேருந்து ஓட்டுவதில் அவரை ஒரு குறை சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட ஓட்டுநருக்கு, ஐம்பது வயதைத் தாண்டி மனைவியின் தையல் இயந்திரத்தின் முன் முதன்முதலாக உட்கார்ந்தபோது உள்ளங்கை வேர்த்தது.

மகள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சீருடைக்கென்று அலுவலகத்தில் ஒரே ஒரு சட்டைக்கான நீலத் துணிதான் கொடுத்திருந்தார்கள். தையல்காரியான மனைவி அதை வெட்டி, உடம்பை மூட்டி, இடக்கையை வைத்து முடித்த கையோடு குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. சட்டைக்கும் வலக்கை இல்லை.

"வெளியில குடுத்துடலாமே" என்றார் ஓட்டுநர்.

"நான் வெட்டின சட்டைக்கு இன்னொருத்தர் கை வைக்கிறதா? நீங்க உட்காருங்க. எனக்குக் கைதான் உடைஞ்சிருக்கு, வாய் நல்லா இருக்கு."

"அதுதான் ஊருக்கே தெரியுமே" என்றாள் மகள்.

ஓட்டுநர் கீழே குனிந்து பார்த்தார். மோட்டாரை ஓட்டும் ஒரே ஒரு மிதிதான் இருந்தது. "பிரேக் எங்கம்மா?"

"அதெல்லாம் கிடையாது. காலை எடுத்தா தானா நிக்கும்."

சட்டைக்கையின் வளைந்த தலைப்பு, அது போய்ச் சேர வேண்டிய தோள் வளைவைவிடப் பெரிதாக இருந்தது. "சின்னதுக்குள்ள பெருசு எப்படிப் போகும்?"

"போகும். இழுக்காம, குழந்தைக்கு ஊட்டுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விடுங்க."

நேர்த்தையல் ஒழுங்காகத்தான் போயிற்று. வளைவு வந்தது. வளைவைக் கண்டதும் நிதானிக்கும் பழக்கத்தில் அவர் கால் பிரேக்கென்று மிதியை ஓங்கி அழுத்த, இயந்திரம் தலைதெறிக்க ஓடியது.

"காலை எடுங்க! காலை!"

எடுத்தபோது, சட்டைக்கை மார்புத் துணியோடு சேர்ந்து வாய் மூடிக் கிடந்தது.

"அப்பா, ரூட் மாறிடுச்சு."

மனைவி சிரிக்கவில்லை. பிரிக்கும்போது துணி கிழிந்தால் மாற்றுத் துணி கிடையாது.

ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க உட்கார்ந்தார் ஓட்டுநர். ஓர் இடத்தில் கை அப்படியே நின்றது. ஒற்றை நூல் என்றல்லவா நினைத்திருந்தார்! மேலிருந்து ஒன்று இறங்க, கீழிருந்து ஒன்று ஏறி, துணியின் கனத்துக்குள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. துளைக்குத் துளை அப்படியே.

"ஏம்மா, இவ்வளவு நாளா இது நம்ம வீட்டுக்குள்ளயேவா நடந்துக்கிட்டிருந்துச்சு?"

"நடந்துச்சு. நீங்கதான் ரோட்டுல இருந்தீங்க."

துணி பிழைத்தது. இம்முறை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தார். வளைவு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல உயர்த்தினார். பெரியது, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சின்னதுக்குள் அடங்கியது. உள்ளே முஷ்டியை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டையாகக் கிடந்த துணி தோளாகியிருந்தது.

திங்கட்கிழமை அவர் பேருந்திலேயே மகள் ஏறினாள். உட்கார இடமில்லை, வலக்கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் பேருந்து குலுங்கி நின்றது. கண்ணாடியில் ஓட்டுநரின் கண் அந்தத் தோளிலேயே நிலைத்தது. தையல் விறைத்தது, இழுபட்டது, பின் தன் இடத்துக்கே திரும்பியது.

"அண்ணே, பச்சை விழுந்தாச்சு!" என்று நடத்துநர் கத்தினார்.

பிரேக்கிலிருந்து காலை எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.