கண்டிக் கோர்ட்டில் என் கையெழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இலங்கையின் கண்டி மலைநாட்டில், தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். நாற்பத்தொரு பிள்ளைகள், இருபத்தாறு சிலேட்டுகள். காலையில் ஒரு தடவை, மணி அடிக்கும்போது ஒரு தடவை எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் கங்காணி வந்தார். கூலிக் குடும்பங்கள் வசிக்கும் லயத்தில் தாயில்லாத ஒரு பெண்பிள்ளையை அம்பிட்டியவில் பெரிய வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்புகிறார்களாம்.

“வயசு பன்னெண்டுன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க வாத்தியாரையா. சின்னப் புள்ளைன்னா அந்த வீட்டுக்காரங்க சட்டத்துக்குப் பயப்படுறாங்க.”

“பள்ளிக்கூட வரவு இடாப்பில் அவள் வயது எட்டு என்றல்லவா இருக்கிறது?”

“இடாப்பு சோறு போடுமா? அங்க மூணு வேளையும் சாப்பிடும்.”

தோட்டத்தில் வயதைக் கூட்டி எழுதிக் கொடுப்பது வழக்கம்தான். நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தொன்று நாற்பதாகக் குறைந்ததுதான் அன்றைக்கு என்னை உறுத்தியது.

ஏழு மாதம் கழித்துக் கண்டி பொலிஸ் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பிள்ளை வீட்டை விட்டு ஓடிவந்து, வாவிக்கரையில் ஒரு பொலிஸ்காரர் கண்ணில் பட்டிருக்கிறாள். அவளுக்காகச் சாட்சி சொல்லப் போகிறேன் என்ற நினைப்பில், சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

அவளுடைய இரண்டு கையிலும் கரண்டியால் சூடு வைத்த தழும்புகள். பதினொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் முடியவில்லை.

நீதவான் வயதைக் கேட்டார்.

“பன்னெண்டு” என்றாள். முன்பல் பாதிதான் முளைத்திருந்தது. “வாத்தியாரையா எழுதிக் குடுத்திருக்காரு.”

வீட்டுக்காரரின் சட்டத்தரணி என் துண்டை நீட்டினார். விவரம் தெரிந்த வயது, சம்மதித்து வந்தவள், திருப்பி அனுப்புங்கள் என்று வாதாடினார். துண்டு சரி என்றால் அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போவாள். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும்.

“பொய் எழுதினேன், ஐயா. அவளுக்கு எட்டு.”

“எழுதும்போது பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டீரா?” என்றார் நீதவான்.

கேட்கவில்லை.

அவளைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்க்க உத்தரவாயிற்று. வீட்டுக்காரருக்கு அபராதம். என் வேலை அந்த மாதமே போனது. அன்று கோர்ட் வாசலில் என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை கைகூப்பி, “போயிட்டு வாரேன் வாத்தியாரையா” என்றாள், பள்ளிக்கூடம் விட்டுப் போகிறவளைப் போல.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. யார் மேல் கோபப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாத வயதில் இருந்தவளை அங்கே அனுப்பினேன் என்ற நினைப்பு இன்றும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.