நடு வரிசையின் இரண்டு மேடுகள்

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் நானும் மனைவியும் டைப்பிங் கடை வைத்திருந்தோம். 2006ல் தொடங்கியது. கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி இரண்டு. அவள் ஆய்வேடு அடிப்பாள். நான் ஜெராக்ஸ், பைண்டிங், மற்றபடி வாய். வருகிற பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசி உட்கார வைப்பது என் பொறுப்பு.

அவள் கடலூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். பழைய ஆபீஸ் சாமான் விற்பவரிடம் நான் வாங்கிவந்த கனமான மெக்கானிக்கல் கீபோர்டு அது. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங், அழுத்தினால் டக்கென்று சத்தம். அவள் அடித்தால் தெருமுனை வரை கேட்கும்.

அவளுக்குக் காய்ச்சல் என்றால் கடைக்கே காய்ச்சல். "அக்கா இல்லியா? அப்ப நாளைக்கு வர்றேன்" என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்புவார்கள். அவளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் டைப்பிங் பழகினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. என்னையும் யாராவது தேடி வர வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி.

அவள் சமையல் முடித்துக் கடைக்கு வருவதற்குள் தினமும் காலையில் ரகசியமாகப் பழகினேன். கை வைக்கும்போது மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வேன். அப்புறம் விரல் தானாக ஓடும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் படித்த இன்ஸ்டிட்யூட்டில் எழுத்து தெரியாதபடி கீகளுக்கு பெயின்ட் அடித்து வைத்திருப்பார்களாம். நானும் எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு அவள் முன்னால் அடித்துக் காட்டினால் என்ன?

அவள் அண்ணன் கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருந்தார். கேட்டதும் சின்ன பாட்டிலில் ஏதோ கொண்டுவந்து கொடுத்தார். "எந்தக் கறையா இருந்தாலும் போயிடும் மச்சான். கொஞ்சமா தொட்டுத் தேய்ங்க." அந்தக் 'கொஞ்சமா' என் காதில் ஏறவில்லை. கீகளின் மூடியைக் கழற்றி, பழைய பனியன் துணியை நன்றாக நனைத்துத் தேய்த்தேன். எழுத்து போனது. கூடவே மேல்தோலும் இளகி வழுவழுவென்று ஆகிவிட்டது. புதுசு மாதிரிதானே இருக்கிறது என்று வரிசை மாறாமல் மாட்டிவைத்தேன்.

அவள் வந்தபோது ஒரு பையன் ஆய்வேட்டோடு காத்திருந்தான். "எழுத்தில்லாமலே எனக்கும் அடிக்க வரும் புள்ள. இனிமே நீ வரலன்னாலும் கடை ஓடும்" என்றேன் பெருமையாக.

அவள் உட்கார்ந்து, தாளைப் பார்த்தபடியே அடித்தாள். திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வந்தன. அழித்தாள். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவதுபோல நடு வரிசையை விரலால் தடவினாள். மறுபடியும் தப்பு. பையன் சிரித்துவிட்டான்.

"எஃப்லயும் ஜேலயும் சின்னதா ஒரு மேடு இருக்குமே மாமா, எங்க?"

சொந்தத்தில் கட்டியவள், மாமா என்றுதான் கூப்பிடுவாள். அப்படி ஒரு மேடு இருந்ததே எனக்குத் தெரியாது. நான்தான் குனிந்து எழுத்தைப் பார்த்துக் கை வைத்தவன் ஆயிற்றே. பார்க்காமல் கை வைக்க அவளுக்கு அந்த இரண்டு மேடுகள்தான் துணை. அவற்றையும் சேர்த்துத் தேய்த்திருந்தேன். இப்போது அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வராது.

"நான் வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம்ல?" என்று எழுந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகியிருப்போம். ஊரெல்லாம் பேசுகிற என் வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துப்போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவள் கடையில் உட்காரவில்லை. கடலூரில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள். வீட்டில் பேச்சு, சாப்பாடு எல்லாம் வழக்கம்போலத்தான். கடையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்க மாட்டோம். அவள் நாற்காலியில் நான் பேப்பர் கட்டுகளை வைக்கத் தொடங்கினேன்.

சில வருஷம் கழித்து, 2012ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாவி கொடுக்கக் கடைக்கு வந்தாள். நான் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேப்பர் கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, பழக்கத்தில் அதே கீபோர்டில் கை வைத்தாள். விரல்கள் நின்றன.

"இது என்ன?"

"பசை. எஃப்லயும் ஜேலயும் ஒவ்வொரு சொட்டு வச்சுக் காயவிட்டேன்."

"எப்ப?"

"அன்னிக்கு சாயங்காலமே."

இரண்டு சுட்டுவிரல்களையும் அந்தச் சொட்டுகளின்மேல் வைத்தாள். ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.

"சொல்லியிருந்தா மறுநாளே வந்திருப்பேன் மாமா" என்றாள்.