சோறு தொடாத மனிதர்

என் கணவருக்குச் சர்க்கரை இருப்பதைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கால் விரல்தான். எழுபதுகளின் கடைசி அது. சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். புது பூட்ஸ் கடித்து வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. ரத்தத்தைச் சோதித்த சீன டாக்டர் எங்களுக்குப் புரிகிற மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: மாத்திரை போடு, இனிப்பை விடு, சோற்றை விடு. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும். பெருவிரல் இல்லாதவரைக் கிரேன் ஏணியில் ஏற விடமாட்டார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

சோற்றை விடுவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சஷ்டி, புரட்டாசிச் சனி என்று நாங்கள் விடாத சோறா? விரத நாளில் எங்கள் வீட்டில் சோற்றுப் பானை அடுப்பேறாது, பலகாரம்தான். அதையே எல்லா நாளும் செய்துவிட்டேன். காலையில் இட்லி, மத்தியானத்துக்கு டிபன் கேரியரில் தோசை, ராத்திரி இடியாப்பம். வயிறு நிறையட்டும் என்று கூடுதலாக இரண்டு வைப்பேன். மீன் குழம்பைக் கண்டால் தட்டு நிறையச் சோறு கேட்கிற மனிதர், அன்றைக்கே வாயைக் கட்டினார். தேநீரில்கூடச் சீனி இல்லை. பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.

அடுத்த முறை போனபோது சர்க்கரை ஏறியிருந்தது. சோறு சாப்பிடுகிறாயா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். புருஷன் திருடித் தின்கிறான், உனக்குத் தெரியவில்லை என்கிற சிரிப்பு. புண்ணின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதுமே பிடித்துக்கொண்டேன்.

“உண்மையைச் சொல்லுங்க. வெளியில எங்கயாச்சும் சாப்பிடுறீங்களா?”

“சத்தியமா இல்ல.”

“அப்புறம் எப்படி ஏறுது?”

“எனக்கென்ன தெரியும்? உன்னைவிட எனக்குத்தான் பயமா இருக்கு.”

நான் நம்பவில்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். அவர் கழற்றிப்போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தேன், பிரியாணி வாசனை வருகிறதா என்று. கிரேன் எண்ணெய் வாசனையும் வியர்வையும்தான். அதற்கும் மனசு ஆறாமல், ஒரு நாள் மத்தியானம் பஸ் ஏறித் துறைமுகத்து கேட்டுக்கே போய்விட்டேன். கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுக் கடைகள். அவருடைய கூட்டாளிகள் இலையில் சோறும் மீன் குழம்புமாகப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நான் கட்டிக்கொடுத்த ஆறிப்போன தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார் இவர்.

அவர் கண்ணில் படாமல் திரும்பி வந்தேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் கூடியது. அவர் திருடித் தின்றிருந்தால் நான் சத்தம் போட்டு நிறுத்தியிருப்பேன். தின்னவில்லை என்றால் எதை நிறுத்துவது?

மறுபடி கிளினிக். டாக்டருக்குக் காத்திருந்தபோது கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஒரு மலாய்க்கார அம்மா. சோறு உண்டா என்று அவர் கேட்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டார். ராத்திரி இடியாப்பம் என்றேன். மலாய்க்காரர்கள் அதைப் புட்டு மாயம் என்பார்கள், சைக்கிளில் கொண்டுவந்து விற்பவரிடம் விரும்பி வாங்குவார்கள். நர்ஸின் கை நின்றது. அது அரிசி மாவாயிற்றே என்றார். கொஞ்சம்தான் என்றேன். மத்தியானம்? தோசை. அது எப்படிச் செய்வது என்று கேட்டார். இவ்வளவுகூடவா தெரியாது என்ற எரிச்சலோடு ஆரம்பித்தேன்: நாலு பங்கு அரிசியை ஊறவைத்து...

அரிசி என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது; இட்லிக்கும் அதே மாவுதான். என் கணவர் காலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. சோறே சாப்பிடலாம், ஆனால் ஒரு சின்னக் கிண்ணம், அதற்கு மேல் கூடாது என்றார். தட்டில் பாதி கீரையும் காயும் இருக்கட்டும், மீனைத் தேங்காய்ப்பால் ஊற்றாமல் புளிக்குழம்பாக வை என்றார். பச்சைப்பயறு அரைத்துத் தோசை வார்க்கலாமா என்று நான் கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை, யோசித்து, சரி, ஒன்றோடு நிறுத்து என்றார். வெளியே வந்த டாக்டர், இதுதான் கடைசித் தவணை, அடுத்த முறையும் சரியாகாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

அன்று தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் பயற்றங்காயும் பாகற்காயும் வாங்கிவந்து சமைத்தேன். ஒரு சின்னக் கிண்ணம் சோற்றைத் தட்டில் கவிழ்த்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“வேணாம். விரல் போயிடும்.”

“நர்ஸ் சொன்னாங்க இல்ல. இவ்வளவு சாப்பிடலாம்லா.”

“சோத்த விடுன்னு டாக்டரும்தான் சொன்னாரு.”

சோறு என்றால் உயிரை விடுகிற மனிதரைச் சோற்றைக் கண்டு பயப்பட வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். முதல் கவளத்தை நானே கீரையோடு பிசைந்து அவர் வாயில் வைத்தேன். மெல்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

தவணை முடிந்து போனோம். சர்க்கரை இறங்கியிருந்தது. ஆனால் விரலைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கவைத்துக் கட்டைப் பிரித்து, சிறு கத்திரியால் கறுத்த சதையை வெட்டத் தொடங்கினார். வலித்தால் சொல் என்றார். வலித்தால் அடியில் நல்ல சதை இருக்கிறது என்று அர்த்தம். எலும்புவரைக்கும் வலிக்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். என் கணவர் கூரையில் சுற்றுகிற விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரி நறுக்கியது. அவர் கால் அசையவில்லை. மறுபடி நறுக்கியது.

“வலிக்குதாங்க?”

இல்லை என்று தலையாட்டினார். கத்திரி இன்னும் உள்ளே போனது. திடீரென்று அவர் கால் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது.

“வலிக்குது” என்றார். “ரொம்ப வலிக்குது.”

நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறதாம் என்று மலாயில் சொன்னேன். கேட்டது என்று அவர் தலையசைத்த பிறகும், இன்னொரு தடவை சொன்னேன்.