கிடங்கு என்று பதிவான அறை

பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஓர் அலுவலகக் கோபுரத்தைத் தானியங்கிக் கட்டடமாக மாற்றும் குழுவில் நான் வேலை செய்தேன். கருவிகளைத் தொடுவது என் பொறுப்பல்ல. அவற்றுக்கு வகை சொல்வதே என் பொறுப்பு. இது கூட்ட அறை, இது விசிறி, இந்த விசிறி அந்த அறைக்குக் காற்றுத் தருகிறது என்று, கட்டடத்திலுள்ள அனைத்தையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினிக்கு விளங்கும்படி வரையறுக்க வேண்டும். எங்கள் துறையில் இதை ஆன்டாலஜி என்பார்கள். அந்த வரையறையை நம்பித்தான் கட்டடம் தானாக முடிவெடுக்கும். ஆட்கள் புழங்கும் அறைக்குக் காற்றுப் போகும், பொருட்கிடங்குக்குப் போகாது. மின்சாரம் மிச்சமாகும், பசுமைச் சான்றிதழும் கிடைக்கும். பட்டம் வாங்கிய புதிதில் இதை ஒரு பொதுத்தொண்டாகவே நான் கருதினேன்.

புதிய அமைப்பு ஓடத் தொடங்கிய வாரத்தில், கீழ்த்தள அறையொன்றின் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெப்பத்தை அளக்கும் உணரி பழுதாகியிருக்கும் என்று எண்ணி இறங்கிப் போனேன். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய அந்த அறையில், விரித்துப் போட்ட அட்டைப்பெட்டிமேல் துப்புரவுப் பணியாளர் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய முந்தானை மடிப்பில் இளைப்புக்கு இழுக்கும் மருந்து இருந்தது. உடன் வேலை செய்யும் இன்னொரு பெண், ஓர் அட்டைத்துண்டால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா, ஏர்கான் ஆளா?" என்று கேட்டார் விசிறியவர்.

"இல்லக்கா, கம்ப்யூட்டர் பக்கம். இங்க ஏன் இவ்வளவு சூடு?"

"முன்ன செவுத்துல சுவிட்ச் இருந்துச்சு, நாங்களே ஃபேனப் போட்டுக்குவோம். ஒங்க ஆளுங்க வந்து கழட்டிட்டாங்க. இனிமே பில்டிங்கே எல்லாம் பாத்துக்குமாம். ரொம்பப் புத்திசாலியாம்லா."

படுத்திருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. "புத்திசாலிதான். மேல ஒரு மேனேஜர் தும்முனா அதுக்குக் கேக்குது. நான் இங்க இருமுறதுதான் கேக்கல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அவருக்கு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் பிடித்தது. அவர் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் வருபவர். காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. அந்த இடைவெளியில் படுத்து மூச்சை ஆற்றிக்கொண்டால்தான் மாலையில் மாடிகளைத் துடைக்க அவரால் முடியும். அதற்கு அந்தக் கோபுரம் முழுவதிலும் அவருக்கிருந்த இடம் அது ஒன்றே.

பழைய வரைபடத்தில் அந்த அறை கிடங்கு என்றிருந்தது. எங்கள் தரவிலும் அப்படியே ஏறியிருந்தது. நான் அதைப் பணியாளர் ஓய்வறை என்று மாற்றினேன். உடனே திரையில் சிவப்பாக ஒரு பிழை எழுந்தது. ஆட்கள் இருக்கும் அறைக்கு வெளிக்காற்று வர வேண்டும் என்பது எங்கள் விதி. அங்கிருந்த விசிறியோ கார் நிறுத்துமிடத்துப் புகைக்காற்றையே உள்ளே இழுக்கும்படி பொருத்தப்பட்டிருந்தது. விதி நியாயமானது. இத்தனை காலம் அவர் எதைச் சுவாசித்துப் படுத்திருந்தார் என்பதை அந்தப் பிழைதான் முதன்முதலாகச் சொன்னது. நான் அதை அழிக்காமல் கட்டட நிர்வாகியிடம் கொண்டுபோனேன்.

அவரும் தமிழர்தான். "ரெண்டு மூணு பேருக்காகப் புதுசா டக்ட் இழுக்கணுமா? கிடங்குன்னே விட்டுரேம்மா. ஹேண்டோவர் அன்னைக்கு ஒரு எரர்கூட இருக்கக் கூடாது."

"அங்க மனுசங்க இருக்காங்க சார். கிடங்குன்னு எப்படிப் போடுறது?"

"நீ ரொம்ப சீரியஸ்லா." அவர் சிரித்தார். "ரூமும் டேட்டாவும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதானே? நான் பாத்துக்கிறேன், போ."

அவர் பார்த்துக்கொண்டார். ஒப்படைப்புக்கு முன் அந்தச் சிவப்பு மறைந்திருந்தது. காற்றுக்குழாய் வந்துவிட்டதென்று மகிழ்ந்து கீழே ஓடினேன். கதவில் புதிய பூட்டு தொங்கியது. கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே துடைப்பங்களும் வாளிகளும் சோப்புத்தூள் மூட்டைகளும் அடுக்கப்பட்டிருந்தன. தரவில் அறை மீண்டும் கிடங்காகியிருந்தது. இம்முறை மறுக்க முடியாத உண்மையாக. ஓர் அறையைப் பற்றிய பொய்யைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு என்பதையும், பதிவை மாற்றுவதை விட ஆட்களை வெளியேற்றுவதே மலிவு என்பதையும் எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அன்று அட்டைமேல் படுத்திருந்த அக்காவை ரயில் நிலையத்துக்குப் போகும் நடைபாதையில் பார்த்தேன்.

"நீ எழுதிக் குடுத்தியாமே?"

"காத்து வரணும்னு எழுதுனேன் அக்கா."

"வந்துச்சு பாத்தியா? இப்ப ரோட்டுக் காத்து முழுக்க எனக்குத்தான்." அவர் குரலில் கோபம் இல்லை, என்னிடம் கோபித்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. "ஸ்டேஷன்ல உக்காந்தா செக்யூரிட்டி எழுப்பி விடுறான். படிக்கட்டுல உக்காந்தா கேமரால பாத்துட்டு சூப்பர்வைசர் போன் பண்றா. நான் எங்கதான் போறது, சொல்லு?"

சில வாரங்களில் அவர் மாலை வேலையை விட்டார். அரை நாள் வேலைக்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ள முடியாதென்று துப்புரவு ஏஜென்சி காலை வேலையையும் பறித்தது.

கட்டடத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. பணியாளர் ஓய்வறை இல்லாத எந்தக் கட்டடத்தையும் எங்கள் கணினி அமைப்பு பிழையென்று காட்ட வேண்டும் என நான் எழுதிய முன்மொழிவுக்கு, அது இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. நான் மறுபடியும் எழுதினேன். அதே பதில் மறுபடியும் வந்தது.

அவருடைய இடத்துக்குப் பூச்சோங்கிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஒரு பிற்பகலில் பெண்கள் கழிப்பறையின் கடைசித் தடுப்புக்குள், கவிழ்த்த வாளிமேல் அமர்ந்து அவர் சோறு உண்பதைக் கண்டேன். "சாப்பிடுங்கக்கா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி விருட்டென்று எழுந்துவிட்டார்.

"உக்காரல மிஸ்," என்றார். "சும்மா குனிஞ்சேன்."