திரைக்குள் ஆளில்லை

பதினேழு படி. மரப்படி. அதன் மேல்முனையில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தேன். அதுதான் எனக்கு வேலை.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை. கீழே கடை, மேலே இரண்டு அறை. முன் அறையில் நாச்சியார். பின் அறையில் குளிக்கும் இடமும் நானும். இறங்க ஒரே வழி. கடை நடுவே நடந்துதான் தெருவுக்குப் போக வேண்டும்.

நாச்சியார் தெற்கே ஒரு சின்ன ஜமீன் வீட்டுப் பெண். நான் அந்த வீட்டு வேலைக்காரியின் மகள். அவரைவிட இரண்டு வயது மூத்தவள். அந்த வீட்டுப் பெண்கள் கோஷா. அந்நிய ஆண் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, குரலைக் கேட்கக் கூடாது. வெளியே போனால் முக்காடு. வண்டியிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். பிடிக்கிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கல்யாணம் பேசி முடித்த மாதத்தில் நாச்சியார் ஒரு நாள் காலை தனியாக ரயிலடிக்குப் போய்விட்டார். கூட எவனும் இல்லை. சாயந்தரம்வரை பெஞ்சில் உட்கார்ந்து ரயில் பார்த்தார். பிறகு வந்துவிட்டார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன்.

“ரயிலு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சுடி.”

அவ்வளவுதான். ஊர் வேறு பேசியது. மாப்பிள்ளை வீட்டார் விலகினார்கள். அண்ணன் அவரைக் கப்பலேற்றினார். துணைக்கு என்னையும். என்னை யாரும் கேட்கவில்லை.

கடை முதலாளியின் அப்பா அந்த ஜமீனில் ஊழியம் பார்த்தவர். இங்கே வந்து மகன் பணக்காரராகிவிட்டார். குடும்பம் ஊரில். இவர் மட்டும் கடையில். அரண்மனைப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக் காப்பது அவருக்குப் பெருமை. அரண்மனையில்கூட அவ்வளவு கெடுபிடி இல்லை. தெருப்பக்கத்து ஜன்னல்களை ஆணி அடித்துவிட்டார். ஒரு நாளும் படி ஏறியதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் கீழ்ப்படியில் நின்று, சுவரைப் பார்த்துக் கேட்பார். நாச்சியார் செருப்புக் காலால் தரையைத் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை. அது தோல் செருப்பு, அடியில் லாடம். நன்றாகக் கேட்கும்.

இங்கே வந்ததும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. படம் எடுத்தவர் ஒரு சீனக் கிழவர். அவரை முதலாளி ஆண் கணக்கில் சேர்க்கவில்லை. அட்டை வந்ததும் அதைப் பார்க்காமலே என்னிடம் தந்து பச்சைத் துணியில் சுற்றச் சொன்னார். சுற்றியதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் அட்டை என்னிடமே இருந்தது. நான் சந்தைக்குப் போகிறவள்.

முன் அறைத் தரைப்பலகையில் ஒரு சின்னச் சதுர ஓட்டை உண்டு. அதற்கு ஒரு மூடி. பழைய கடைவீடுகளில் இருக்கும். வாசலில் நிற்பது யாரென்று மேலிருந்தே பார்க்க. அதன்மேல் பாய் கிடந்ததால் முதலாளி மறந்துவிட்டார். நாச்சியார் மறக்கவில்லை. குப்புறப் படுத்து ஒரு கண்ணால் பார்ப்பார். கீழே நடைபாதை தெரியும். தலைகள் தெரியும். பத்து வருடம் அவர் பார்த்த சிங்கப்பூர் அவ்வளவுதான்.

அந்தத் தலைகளில் ஒன்று மைனருடையது.

எல்லாரும் அவரை மைனர் என்றுதான் சொல்வார்கள். பட்டு ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, தலையில் கிரீம். சொந்தமாக ஒரு வாடகைக் கார். சனிக்கிழமை குதிரைப் பந்தயம். ஜாலான் புசாரில் ஒருத்தி, கேலாங்கில் ஒருத்தி என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். எங்கள் கடைத் தூணில் சாய்ந்து பேப்பர் படிப்பார். இந்த ஊர்க்காரர் மாதிரி பேச்சுக்குப் பேச்சு ‘லா’ சேர்ப்பார்.

ஒரு நாள் மதியம் முதலாளி சாப்பிட்டுக் கண் அசந்திருந்தார். நாச்சியார் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து ஓட்டை வழியே போட்டார். கிரீம் தலையில் ஒட்டிக்கொண்டது. மைனர் அதை எடுத்துப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மேலே பார்த்தார்.

“மேல யாரு? எலியா?”

“ஆமா.”

“எலி கிராம்பெல்லாம் தின்னுமா லா?”

“எலி திங்காது. அதான் கீழ போட்டுச்சு.”

பத்து வருடத்தில் ஓர் ஆணிடம் நாச்சியார் பேசியது அதுதான் முதல்.

அதன்பின் தினமும் மதியம் பேச்சு. நான் படியில் காவல். மைனர் பேப்பரைப் பார்த்தபடியே பேசுவார். பந்தயம், கடல், மழை, எந்தக் கடையில் என்ன விலை. நாச்சியார் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் மைனர் “காருல ஒரு சுத்துப் போலாமா?” என்றார்.

“கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணுனா வர்றேன்.”

மைனர் சிரித்தார். பேப்பரை மடித்துக்கொண்டு போனார். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தார்.

“சரி லா. போடுறேன்.”

நான் நாச்சியாரிடம் சொன்னேன், “மைனரை நம்பாதீங்க.”

“அவனை யாருடி நம்புறா? எனக்குக் காரு வேணும்.”

ஆனால் பதிவுக் கல்யாணத்துக்கு அட்டை வேண்டும். அது இரும்புப் பெட்டியில். நோட்டீஸ் கொடுத்து மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டும். அதற்குள் முதலாளி கண்டுபிடித்தால் இழுத்து வந்து கப்பலேற்றிவிடுவார். அதனால் பேச்சு பேச்சாகவே நின்றது. மழை வந்தது, போனது.

அந்த வருடம் ஓட்டுப் போடுவது கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே குடியுரிமைப் பதிவு நடந்தபோது முதலாளி கடையில் இருந்த எல்லாரையும் பதிந்திருந்தார். எங்களையும். இப்போது தலையில் கை வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் வந்து நின்றார்.

“ஏ புள்ள, அவுகளும் வரணுமாம்ல. வரலைன்னா கேசு போடுவானாம், அபராதமாம். அட்டையும் கொண்டு போகணுமாம்.”

மேலே ஒரு தட்டு. ஆமாம்.

ஓட்டு நாளன்று டிரைஷா என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி ஒன்றைப் பிடித்துச் சேலையால் சுற்றிக் கட்டினார்கள். முதலாளி பச்சைத் துணியோடு அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். கடை ஆள் ஒருவர் சைக்கிளில் கூட வந்தார். ஓட்டுச் சாவடி ஒரு பள்ளிக்கூடம். மேசையில் இருந்த பெண் நாச்சியாரின் முக்காட்டைக் காட்டி “புக்கா, புக்கா” என்றாள். திறக்கச் சொல்கிறாள். நாச்சியார் திறந்தார். வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் மயங்கி விழவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

தடுப்புக்குப் பின்னால் ஒருவர் ஒருவராகப் போனோம். நானும் ஓட்டுப் போட்டேன். அவருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று.

வெளியே வரும்போது கடை ஆள் வழக்கப்படி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாச்சியார் ஏறியதும் நான் குரல் கொடுத்தால்தான் திரும்புவார். அவர் முதுகுக்குப் பத்தடி தள்ளி, ஓட்டை வழியே பேசி வைத்தபடி மைனரின் கார் நின்றது. கதவு திறந்திருந்தது. நாச்சியார் செருப்பைக் கழற்றினார். என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் அவருடையதை மாட்டிக்கொண்டேன். அட்டை அவர் கையில். பச்சைத் துணி என் கையில்.

“அக்கா, நீங்களும் ஏறுங்க லா” என்றார் மைனர்.

“ரெண்டு பேரும் போனா அரை மணியில தேடுவாக.”

“கையெழுத்து ஆனதும் நானே வந்து சொல்றேன்டி” என்றார் நாச்சியார்.

“எப்படி வருவீக?”

“கடைக்கு வர்றவளை எவன் தடுப்பான்?”

கார் போனது. நான் டிரைஷாவில் ஏறிச் சேலையை இறக்கிவிட்டு “ஏறியாச்சு” என்றேன். கடை ஆள் திரும்பினார். டிரைஷாக்காரச் சீனர் சேலை இடுக்கு வழியே பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டினார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே மிதித்தார்.

வழியில் என் அட்டையைப் பச்சைத் துணியில் சுற்றினேன். முதலாளி பிரிக்க மாட்டார். ஆனால் தொட்டுப் பார்ப்பார். உள்ளே அட்டை இருந்தாக வேண்டும்.

கடை வாசலில் இரண்டு ஆட்கள் படுக்கை விரிப்பைத் திரையாகப் பிடித்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளி சுவரைப் பார்த்து நின்றார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். திரைக்குள் நான் மட்டும் நடந்தேன். லாடம் சத்தமிட்டது. பதினேழு படியும் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து துணியைக் கொடுத்தேன். முதலாளி தொட்டுப் பார்த்தார். பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அதன்பின் மேலே நான் இரண்டு பேர்.

சமையல்காரர் இரண்டு சாப்பாடு படியில் வைப்பார். நாச்சியாருக்கு வெள்ளித் தட்டு, எனக்குப் பீங்கான். வெள்ளித் தட்டில் இருந்ததை என் தட்டில் கொட்டித் தின்றேன். காய்ந்திருந்த சேலையை நனைத்துக் கொடியில் போட்டேன். மதியம் செருப்போடு நடந்தேன். அது சின்னச் செருப்பு. குதிகால் கிழிந்தது. யாரும் இல்லாத அறையைப் பார்த்து “சாப்பிடுங்க நாச்சியார்” என்றேன். முன்பு அவருக்குக் காவல் இருந்தேன். இப்போது ஒன்றுமில்லாததற்குக் காவல். இதுதான் கஷ்டம். படியைவிட்டு நகர முடியவில்லை. போகவும் முடியாது. கையில் அட்டை இல்லை. வேலை கேட்டால் முதலில் அட்டையைக் காட்டு என்பார்கள்.

இரண்டாம் வாரம் ஊரிலிருந்து அண்ணனின் கடிதம் வந்தது. முதலாளி கீழ்ப்படியில் நின்று சத்தமாக வாசித்தார். அறுபது வயசு ஜமீன்தார் ஒருவர், பெண்டாட்டி இறந்துவிட்டார், பழசைப் பெரிதாக எடுக்கவில்லை, அடுத்த மாதக் கப்பலில் அனுப்பவும்.

“நாச்சியாருக்குச் சம்மதமா?”

இல்லை என்று தட்டினால் பேச்சு வளரும். அண்ணனே வந்தாலும் வரலாம். நான் நாச்சியாரின் அறைக்குள் போனேன். காலைத் தூக்கினேன். ஒரு தட்டு தட்டினேன்.

கீழே முதலாளி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “நல்ல புத்தி வந்துருச்சு. மீனாட்சி கண்ணைத் தொறந்துட்டா” என்றார். அன்றைக்கே கப்பல் டிக்கெட் எடுக்க ஆள் அனுப்பினார். அடுத்த நாள் பட்டுச்சேலை இரண்டு வந்தது. கிழவருக்குச் சம்மதம் சொன்னவள் நான். நாச்சியார் வராவிட்டால் என் கதி என்ன என்று யோசித்தேன். முக்காடு போட்டு என்னையே கப்பலேற்றுவார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மூன்று வாரம் முடிந்தது. நான்கு நாள் மேலேயும் ஆனது. மைனர் தலை தூணருகில் தெரியவில்லை. பகலெல்லாம் ஓட்டைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஆண்பிள்ளை கை கழுவிவிட்டான், அவரை எங்கே விட்டானோ என்று நினைத்தேன். கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கீழே கார் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். மேலிருந்து வகிடு மட்டும் தெரிந்தது. முக்காடு இல்லை. காலில் என் ரப்பர் செருப்பு.

“என்ன வேணும் தங்கச்சி?” முதலாளியின் குரல்.

“கிராம்பு. ரெண்டு தாகில் நிறுத்துக் குடுங்க.”

“நல்ல சரக்கு. நேத்துத்தான் வந்துச்சு. மோந்து பாருங்க.”

“விலை கூடவா இருக்கே. எங்க வீட்டுக்காரர் திட்டுவாரு.”

“புதுசாக் கல்யாணம் ஆனவுகளா?”

“முந்தாநாள்தான். கையெழுத்துக் கல்யாணம்.”

“சந்தோசம். உங்க முகத்துக்காகக் கொறச்சுத் தர்றேன்.”

பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பத்து வருடம் முகம் பார்க்காமல், குரல் கேட்காமல் காத்தவரிடம் முகத்துக்கு நேராகப் பேசி நாச்சியார் வியாபாரம் முடித்தார். நாச்சியார் தெருவுக்கு வந்ததும் ஒரு முறை மேலே பார்த்தார். கார் சற்றுத் தள்ளிப்போய்க் காத்து நின்றது.

எழுந்தேன். அறையைப் பூட்டினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“மேல யாரும் இல்லீங்க” என்றேன்.

“என்ன புள்ள சொல்ற?”

“ஓட்டுப் போட்ட அன்னிக்கே போயிட்டாக. இப்பக் கிராம்பு வாங்கிட்டுப் போனாகள்ல, அவுகதான்.”

முதலாளி தெருவைப் பார்த்தார். படியைப் பார்த்தார். சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கீழ்ப்படிவரை வந்தார். ஒரு காலை முதல் படியில் வைத்தார். எடுத்துவிட்டார்.

“நீ போய்ப் பாத்துட்டு வா” என்றார்.

“நான் அங்கயிருந்துதானே வர்றேன்.”

“உள்ள அவுக இருந்துட்டா?”

ஏறவில்லை. அவரால் ஏற முடியவில்லை. கையில் சாவியோடு நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதே படியில் பத்து வருடம் இருந்தவள்.

“பெட்டியில இருக்கிறது என் அட்டை. குடுங்க, நான் போறேன்” என்றேன்.

பெட்டியைத் திறந்தார். பச்சைத் துணியை எடுத்தார். பிரிக்கப் போனவர் நிறுத்தினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு துணியை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே பிரிச்சுப் பாருங்க. அவுக இல்லை.”

முடிச்சை அவிழ்த்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு நேராகப் பார்த்தார். படத்தை, என்னை, மறுபடி படத்தை.

“நீதான்” என்றார்.

“ஆமா.”

அட்டையை வாங்கிக்கொண்டேன். துணியை அவரிடமே விட்டேன். செருப்பைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். வெயில் சுட்டது. கார் அங்கேதான் நின்றது.