எருமைக் கயிற்றோடு ஒரு தையல் பரீட்சை: மீனாட்சிபுரம் முதல் வேலந்தாவளம் வரை

எல்லையோர ஊர்களைச் சுற்றிப் பார்க்க எந்த வழியில் போகலாம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த வழி ஒன்றுதான். மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறி கொழிஞ்சாம்பாறை, அங்கிருந்து வேலந்தாவளம். எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், தையல் வேலைக்குப் பரீட்சை கொடுக்க நான் போன வழி அது. பேனா பிடிக்கிற பரீட்சை இல்லை, மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டுகிற பரீட்சை.

வேலந்தாவளத்தில் ஒரு சட்டைக் கம்பெனி அப்போதுதான் கொட்டகை போட்டிருந்தது. தைப்பதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சட்டை, அதனால் கைவேலையைச் சோதித்துப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். மீனாட்சிபுரத்தில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெனாவட்டு கொஞ்சம் அதிகம். என் மாமனாருக்கு வேறு யோசனை. "ஒருக்கா போய்ப் பாரு அம்மிணி. கெடைக்கலீன்னா மெஷினை வித்துப்போட்டு எருமை ஒண்ணு புடிச்சுக்கலாம்" என்றார். பால் ஊற்றிப் பிழைக்கிற ஊரில் அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த மெஷின் என் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. அது போனால் காலம் முழுக்கச் சாணியும் தவிடும்தான். பரீட்சை வைத்த நாளில்தான் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தையும். மாமா தோளில் துண்டு, கையில் புதுக் கயிறு சகிதம் கூடவே கிளம்பிவிட்டார்.

காலை ஆறரைக்குப் பஸ். வழி நெடுகப் பனைமரமும் கரும்புத் தோட்டமும். மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மாதத்தில் ஆளைத் தூக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை பஞ்சு மூட்டைதான். கொழிஞ்சாம்பாறையில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். ஒரு இட்லி பத்துப் பைசா. சட்னி காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து மாமா, "பயமா அம்மிணி?" என்று கேட்டார். இல்லை என்றேன். பாதிதான் உண்மை.

அங்கிருந்து வேலந்தாவளம் பத்துக் கிலோமீட்டர் சுமார். சந்தைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை அடைத்துவிட்டது. மாமா பின்னால் நின்றுகொண்டார். கண்டக்டர் என்னை டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியை ஒட்டிய பலகையில் உட்கார வைத்தார். கொதிக்கிற இடம், ஆனால் அதைவிட நல்ல இடம் அந்தப் பஸ்ஸிலேயே கிடையாது. ரோடு முழுக்க எருமைகளும் காளைகளும். ஒன்றைக்கூட இடிக்காமல், ஒரு குலுக்கலும் இல்லாமல் அந்த மனிதர் வண்டியை நகர்த்திக்கொண்டு போனதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க அம்மிணி, ரோட்டைப் பாக்காம என்ற காலையே பாத்துட்டு வர்றீங்க?" என்றார் டிரைவர்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "உங்க செருப்புல வெரலு பக்கம் மட்டும் தேஞ்சிருக்குதுங்க. அதான் பாத்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "குதிகாலு ஒரே எடத்துல குந்தியிருக்குமுங்க. வெரலுதான் வேலை செய்யோணும். குதிகாலைத் தூக்குனா வண்டி துள்ளும். உள்ள இருக்கற அத்தனை சனமும் என்னையத்தான் வையும்."

வேலந்தாவளத்தில் இறங்கியதும் மாமா சந்தைப் பக்கம் போனார், நான் எதிர்ப்பக்கம் இருந்த கொட்டகைக்குப் போனேன். உள்ளே வரிசையாகக் கரண்ட் மெஷின்கள், கீழே இருக்கிற பலகையைக் காலால் அமுக்கினால் மோட்டாரில் ஓடுகிறவை. சோதிக்க வந்தவர் கோயம்புத்தூர்க்கார அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே எல்லாரையும் பார்ப்பவர். முதலில் காகிதத்தில் தைக்க வேண்டும். ஊசியில் நூல் கிடையாது. காகிதத்தில் முறுக்கு மாதிரி ஒரு கோடு சுற்றிச் சுற்றிப் போகும், ஓரத்தில் மூலை மூலையாக இன்னொரு கோடு. ஊசி குத்துகிற ஓட்டை கோட்டை விட்டு விலகக் கூடாது. இதில் தேறினால்தான் காலர் தைக்கத் துணியே கையில் கொடுப்பார்கள்.

இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். வீட்டு மிதி மெஷினில் பழகிய கை தானாகப் போய்ச் சக்கரத்தைத் தள்ளியது. கால் தானாக முன்னும் பின்னும் ஆடியது. மெஷின் பாய்ந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது. காகிதம் கோழி கொத்தியது போல ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் இதே கதிதான். மிதித்துப் பழகிய கால்கள் எல்லாமே துள்ளிக்கொண்டிருந்தன.

"மிதிக்கக் கூடாதுங்க, அமுக்கோணும்" என்றார் அந்த அம்மா. அமுக்கினேன். காகிதம் இரண்டாகக் கிழிந்தது. "இன்னொரு காயிதம் தர்றேன். அதோட சரி" என்றார். சந்தையிலிருந்து எருமை கத்துகிற சத்தம் வேறு, வேண்டுமென்றே என்னைக் கூப்பிடுவது போலக் கேட்டது.

அப்போதுதான் டிரைவரின் செருப்பு ஞாபகம் வந்தது. வலது குதிகாலைப் பலகையில் ஊன்றினேன். இனி இது இங்கேயே குந்தியிருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரலால் மட்டும் அழுத்தினேன். மெஷின் மெதுவாக உறுமிக்கொண்டு நகர்ந்தது. வளைவில் கொஞ்சம் தளர்த்தினேன், நேரில் கொஞ்சம் விட்டேன். மூலை வந்தால் எருமை குறுக்கே வந்த மாதிரி நிறுத்தி, காகிதத்தைத் திருப்பி, மறுபடி கிளப்பினேன். கடைசி ஓட்டை வரை கோட்டிலேயே விழுந்தது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். "பஸ்ஸுலீங்க" என்றேன். கிண்டல் என்று நினைத்திருப்பார்.

காலர் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே கூராக இருந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தால் வாசலுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் மாமா. கையில் கயிறு அப்படியே இருந்தது.

"ஏனுங் மாமா, ஒண்ணுமே அமையலீங்களா?"

"நான் வெலையே கேக்குல. நீ வேலைக்குப் போயிட்டா எருமையை ஆரு பாக்கறது?"

நான் தேறினேனா என்றுகூட அவர் கேட்கவில்லை. அவருடைய கயிற்றை வாங்கி நான் சுருட்டி வைத்துக்கொண்டேன். அது பல வருஷம் எங்கள் வீட்டில் துணி காயப் போடும் கொடியாக இருந்தது.

நீங்கள் போவதானால் மாசியில் போங்கள், வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் பஸ் உண்டு, திரும்புவதற்கு அது வசதி. கிடைத்தால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சந்தை நாளாக இருந்தால் கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஆனால் கையில் கயிறு மட்டும் வேண்டாம். கயிற்றைப் பார்த்தால் தரகர்கள் விடமாட்டார்கள், துண்டைப் போட்டு விரலைப் பிடித்துவிடுவார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தக் கயிற்றோடு மாமா எத்தனை பேரிடம் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.